அப்பா நலம்

ஆபீசில் அவளுக்கு வைத்த பேர் அலாரம். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, செய்கிற வேலையைப் பார்த்து வைத்த பேர்தான். தூங்குகிற சர்வர் கம்ப்யூட்டர்களைத் தட்டி எழுப்புவது, என்ன கோளாறு என்று பார்ப்பது, மறுபடி தூங்க வைப்பது, இதுதான் அவளுடைய பிழைப்பு. வீட்டில் கதை தலைகீழ். அவள் கணவர் பஸ் டிரைவர். விடியுமுன்பே எழுந்து குளித்து, அவர் வந்து போர்வையை இரண்டு தடவை இழுத்தால்தான் இவள் கண்ணைத் திறப்பாள். "ஊரையே எழுப்புறவளை எழுப்ப ஒரு ஆள் வேண்டியிருக்கு பாரு" என்று தினமும் சொல்வார். தினமும் அதே நகைச்சுவைதான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் புதிதாக ஒன்று யோசித்திருக்கலாம், மனுஷன் யோசிக்கவில்லை.

செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் ஆபீஸ். ஆட்கள் மூன்றே பேர். முதலாளி, வாடிக்கையாளர்களிடம் போனில் பேசுகிற "வாய்" என்கிற ஆள், பிறகு அலாரம். அவர்கள் விற்பது ஒரே ஒரு சரக்கு. தனியாக வசிக்கும் வயசானவர்களுக்குத் தினமும் காலை எட்டு மணிக்குத் தானாகப் போன் அடிக்கும் சர்வர். எடுத்தால் ஒரு பெண் குரல் கேட்கும்: "நல்லா இருக்கீங்களா? நல்லா இருந்தா ஒண்ணை அழுத்துங்க." ஒன்றை அழுத்தினால், "ரொம்ப சந்தோஷம். நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லி வைத்துவிடும். வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கோ பெண்ணுக்கோ "அம்மா நலம்", "அப்பா நலம்" என்று ஒரு மெசேஜ் போகும். அழுத்தாவிட்டால் "பதில் இல்லை" என்று போகும். அவர்கள் பதறியடித்துக்கொண்டு யாரையாவது அனுப்பிப் பார்ப்பார்கள்.

அந்தப் பெண் குரல் அலாரத்தின் குரல்தான். குரல் கொடுக்க ஏற்பாடு செய்திருந்த பெண் அன்றைக்கு வரவில்லை. "நீயே பேசிடும்மா, தற்காலிகமா" என்றார் முதலாளி. முதலாளிகள் தற்காலிகம் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். வருஷக்கணக்காக அவள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள், யார் யாரோ வீட்டில், நல்லா இருக்கீங்களா என்று.

சர்வருக்கு வெர்ஷன் ஒன்றா இரண்டா? வாங்கினவர்கள் எல்லோரும் புதிய வெர்ஷனுக்கு மாறித் தொலைத்தால் பிரச்சினையே இல்லை. மாற மாட்டார்கள். "ஓடுறதை எதுக்குத் தொடணும்?" என்பார்கள். ஆகவே ஒரு முதியோர் சங்கம் இன்னும் இரண்டாம் வெர்ஷனைக் கட்டிக்கொண்டு அழுதது. வீட்டுக்கு நர்ஸ் அனுப்புகிற ஏஜென்சி ஒன்று மூன்றாவதில் இருந்தது. மற்ற எல்லோரும் ஐந்தில். நாலு என்று ஒன்று வந்தது, அதை ஒருவரும் சீண்டவில்லை. முதலாளி முன்னால் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

இத்தனை வெர்ஷனையும் அலாரம் ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் வைத்து ஓட்டினாள். நிஜக் கம்ப்யூட்டர் ஒன்று; அதற்குள் விர்ச்சுவல் மெஷின் என்கிற பொய்க் கம்ப்யூட்டர்கள் பல. ஒரே வீட்டுக்குள் தனித்தனிக் குடித்தனம் மாதிரி. ஒவ்வொன்றும் தான் மட்டுமே இந்த உலகத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். வேண்டும்போது ஒன்றை அப்படியே உறைய வைத்து, ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளலாம். வருஷம் கழித்து எழுப்பினாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. உறைந்த அந்த நொடியில் விட்ட வேலையை அப்படியே தொடரும். உலகத்தில் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று அதனிடம் சொல்வார் யாருமில்லை.

அதனால்தான் அலாரத்துக்கு ஒரு பழக்கம். பழைய நகல் எதையும் எழுப்புமுன் அதன் வெளி லைனைத் துண்டிப்பாள். துண்டித்துவிட்டு, "வெளி லைன் கட்" என்று வாய்விட்டுச் சொல்வாள். சொல்லாமல் எழுப்ப மாட்டாள். இல்லாவிட்டால் பழைய சர்வர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, என்றைக்கோ போட வேண்டிய போனை எல்லாம் இன்றைக்குப் போட ஆரம்பித்துவிடும். "யார்கிட்டக்கா சொல்றே?" என்று வாய் கிண்டல் பண்ணுவான். "உன்கிட்ட இல்லை, வாயை மூடு" என்பாள்.

அந்தப் பழக்கம் ஒரே ஒரு நாள் தவறியது. காரணம் அவளுடைய அண்ணன்.

நர்ஸ் ஏஜென்சி ஒருவழியாக மனமிரங்கி, மூன்றை விட்டு ஐந்துக்கு மாறச் சம்மதித்திருந்தது. முதலில் ஒரு நகலில் மாற்றிப் பார்க்கலாம் என்று, நாலு வருஷத்துக்கு முன் உறைய வைத்த மூன்றாம் வெர்ஷன் ஒன்றைத் தேடி எடுத்தாள். அவள் சோதனைக்கென்று வைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தான்.

"வீட்டை வாங்க ஆள் வந்திருக்கு. அந்த போன் லைனையாவது இப்ப கட் பண்ணேன். யாருக்காக வச்சிருக்கே?"

அப்பா போய் நாலு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு. அதில் இன்னும் ஒரு போனும், அழைப்பை யாரும் எடுக்காவிட்டால் தானே எடுத்துப் பேசி, கூப்பிட்டவர் பேசுவதையும் வெளியே சத்தமாகக் கேட்க வைக்கிற பதில் மெஷினும் இருந்தன. அந்த மெஷினில் அப்பாவின் குரல் இருந்தது. இவள் எப்போதாவது அந்த நம்பருக்குப் போட்டு, குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். கணவருக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது.

"அப்புறம் பேசறேன்" என்றாள்.

"எப்பவும் அப்புறம்தான். அப்பா விஷயத்திலயும் அப்படித்தான் மெஷினை நம்பி உக்காந்திருந்தே."

இது நாலு வருஷப் பழைய சண்டை. அப்பா குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்த டாக்டர், "உயிர் போய் ஒரு நாளுக்கு மேல ஆச்சு. அதுக்கு முன்னாடியும் ரொம்ப நேரம் விழுந்து கிடந்திருப்பார்" என்றார். அலாரம் அவரோடு சண்டைக்குப் போனாள். "இன்னிக்குக் காலையிலகூட ஒண்ணை அழுத்தியிருக்கார்! இதோ பாருங்க மெசேஜ், அப்பா நலம்னு!" டாக்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து குடும்பத்தில் அப்பா "செத்த பிறகும் ஒண்ணை அழுத்தினவர்" ஆகிப்போனார். சிலர் பயந்தார்கள், சிலர் கமுக்கமாகச் சிரித்தார்கள். இவள் மட்டும் டாக்டர் தப்பு என்பதில் உறுதியாக இருந்தாள். கடைசிக் காலையிலும் அப்பா நன்றாகத்தான் இருந்தார், ஒரு நொடியில் போய்விட்டார், வலியே தெரியாமல். அந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாலு வருஷத்தை ஓட்டியிருந்தாள்.

அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாள். அதே கோபத்தில் மெஷினை எழுப்பினாள்.

வெளி லைன் கட் என்று சொல்லவில்லை. துண்டிக்கவும் இல்லை.

பழைய சர்வர் எழுந்தது. நிஜத்தில் மணி பதினொன்று. அதற்கோ நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை, எட்டு அடிக்கிற நேரம். எட்டு மணிக்கு அதற்கு என்ன வேலையோ அதைச் செய்தது. அந்தச் சோதனைப் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு நம்பர். புது வெர்ஷன் வரும்போதெல்லாம் அவள் முதலில் சோதித்துப் பார்க்கிற ஆள் அப்பாதானே.

மேஜை மேல் அவள் மொபைல் டிங் என்றது. எடுத்துப் பார்த்தாள்.

"அப்பா நலம்."

திரும்பத் திரும்பப் பார்த்தாள். திரையிலும் அதேதான்: அப்பா, அழுத்தியது 1, நலம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் வாய் யாரிடமோ, "அதெல்லாம் தானா சரியாயிடும் சார்" என்று அளந்துகொண்டிருந்தான். கீழே செருப்புக் கடையில் ஒரு குழந்தை வேண்டாம் வேண்டாம் என்று அழுதது. எல்லாம் வழக்கம்போல இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அந்த நகலை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த மனசு வரவில்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே, "நம்பரை வேற யாருக்காவது குடுத்திருப்பாங்க" என்றார்.

"லைன் நம்ம பேர்லதான் இருக்கு."

"அப்ப வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க."

"சாவி என்கிட்ட ஒண்ணு, அண்ணன்கிட்ட ஒண்ணு. அண்ணன் அவன் ஊர்ல ஆபீஸ்ல இருந்துதான் பேசினான். கேட்டும் பாத்துட்டேன். உனக்குப் பைத்தியமாங்கறான்."

டிரைவர் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் எதற்கும் பயப்படுகிற ஆள் இல்லை, பிரேக் பிடிக்காத பஸ்ஸையே ஓட்டி நிறுத்தியவர். "நாளைக்கு எனக்கு லீவுதானே. போய்ப் பாத்துடலாம். அது மறுபடி எப்ப போன் போடும்?"

"அதுக்கு எட்டு மணி. நமக்குப் பதினொண்ணு."

மறுநாள் வெயில் ஏறிய பிறகு போனார்கள். தெருவில் ஒருவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணித் திறந்தது. கதவைத் திறந்ததும் டிரைவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "உள்ள போகாதே. தரையைப் பாரு."

கூடம் முழுக்கத் தூசி, சமமாக, மாவு சலித்துப் போட்டதுபோல. ஒரு காலடித் தடம் கிடையாது. பூனை நடந்த தடம்கூட இல்லை. அந்தக் கோடியில், சின்ன மேஜை மேல் போன். பக்கத்தில் பதில் மெஷினின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

வாசற்படியிலேயே நின்றார்கள். பதினொன்று ஆனது.

போன் அடித்தது.

தெரிந்தே வந்தவர்கள்தான், இருந்தாலும் இரண்டு பேருமே துள்ளிவிட்டார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. டொக் என்று பதில் மெஷின் எடுத்தது. காலிக் கூடத்தில் அப்பா பேச ஆரம்பித்தார். "நான் கொஞ்சம் வெளியே போயிருக்கேன்..." அவர் பேசும்போதே, அதே மெஷினிலிருந்து இன்னொரு குரலும் வந்தது. அவளுடைய குரல், இப்போதைவிட இளசாக, உற்சாகமாக. "நல்லா இருக்கீங்களா? நல்லா இருந்தா..." ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காததுபோல அப்பாவும் பெண்ணும் சேர்ந்தாற்போலப் பேசினார்கள். "...சத்தம் கேட்டதும் பேசுங்க" என்று அப்பா முடித்தார். பதில் மெஷின் பீப் என்றது.

உடனே அவளுடைய குரல் சொன்னது: "ரொம்ப சந்தோஷம். நாளைக்குப் பேசலாம்."

டொக். கையிலிருந்த மொபைல் டிங் என்றது. அப்பா நலம்.

தூசியில் ஒரு தடமும் விழவில்லை. டிரைவர், "ஐயோ, வா போயிடலாம்" என்றார். அவள் நகரவில்லை. பேயைப் பார்த்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. வேறு ஒன்று உறைக்க ஆரம்பித்திருந்தது.

"பீப்" என்றாள். "அந்த பீப்பை ஒண்ணை அழுத்தின சத்தம்னு நெனச்சுக்குது."

ஆபீசுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய வெர்ஷன்களின் நகல்களைப் பக்கத்துப் பக்கத்தில் எழுப்பினாள். எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அப்பாவின் நம்பருக்கே போட வைத்தாள். இரண்டு சொன்னது: பதில் இல்லை. ஐந்து சொன்னது: பதில் இல்லை. மூன்று சொன்னது: நலம். சந்தேகமே வேண்டாம் என்று, மூன்றாம் வெர்ஷனைத் தன் மேஜை போனுக்குக் கூப்பிட வைத்து, எடுத்து, மூச்சு விடாமல் இருந்தாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட வைத்து, வேறொரு போனில் அப்பா வீட்டு மெஷினுக்குப் போட்டு, இரண்டு போன்களையும் வாயோடு காதாக ஒட்டவைத்துப் பிடித்தாள். பீப் கேட்டது. நலம்.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? அவள் சோதித்ததெல்லாம் அப்பாவை வைத்துத்தான். அப்பா ஒரு நாள்கூட போனை எடுக்காமல் இருந்ததில்லை. எடுக்காமல் போன நாளில் சோதனை செய்ய அவளுக்கு மனசு ஏது?

ஆக, டாக்டர் சொன்னதுதான் சரி. அப்போது அப்பாவுக்குத் தினமும் போன் போட்டதும் இந்த மூன்றாம் வெர்ஷன்தான். அந்தக் கடைசிக் காலைகளில் அப்பா எதையும் அழுத்தவில்லை. மெஷினும் மெஷினும் பேசி, நலம் என்று முடிவு செய்துகொண்டன. அதைப் படித்துவிட்டு இவள் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வாய் ஓடி வந்து, "என்னக்கா ஆச்சு?" என்றான். அவனுக்குப் பதில் சொல்லத் தலையைத் தூக்கியவள் பாதியில் அப்படியே நின்றாள்.

"நர்ஸ் ஏஜென்சி இன்னும் மூணுலதானே ஓடுது?"

"ஆமா. அடுத்த வாரம்தானே மாத்தறோம்."

"இன்னிக்குக் காலையில அவங்க ஆளுங்க எல்லாருமே நலமா?"

"எல்லாருமே நலம். அவங்க எப்பவும் அப்படித்தானேக்கா, ஒரு நாள்கூட ஒரு புகார் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே வந்த வாய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவன் தானாகப் பேச்சை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டார்கள். ஏஜென்சியின் வயசானவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எடுத்தவர்கள் எல்லோரும் திட்டினார்கள். "காலையிலதானே கேட்டே, அதுக்குள்ள எனக்கு என்ன ஆயிடும்னு பாக்குறே?" என்றார் ஒரு பெரியவர். திட்டத் திட்ட அலாரத்துக்கு உயிர் வந்தது. இன்னும் திட்டுங்கள் என்று கேட்கலாம்போல இருந்தது.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் யாரும் எடுக்கவில்லை. மணி ஓய்ந்து, டொக் என்ற சத்தம். "இது தையல் கடை. துணி தயாரா இல்லையான்னு கேக்கறதுன்னா நேர்ல வாங்க" என்று ஒரு வயசான அம்மாவின் அதட்டல். பீப்.

ஏஜென்சிக்குப் போட்டாள். அங்கே இருந்த பெண், "தையல்கார அம்மாவா? கடையை மூடி ரொம்ப நாளாச்சு, மாடியில தனியாத்தான் இருக்காங்க. பொண்ணு வெளிநாட்டுல. ஆனா அவங்க நலம்னு வந்திருக்கே?" என்றாள்.

"அதான் பயமா இருக்கு" என்றாள் அலாரம். "அட்ரஸ் சொல்லுங்க, ஆம்புலன்ஸையும் அனுப்புங்க."

கீழே பைக்கோடு காத்திருந்த டிரைவர் அவளை ஏற்றிக்கொண்டு அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தை அவருடைய டிப்போவில் யாராவது பார்த்திருந்தால் வேலையே போயிருக்கும். கடையின் ஷட்டர் துருப்பிடித்து மூடிக் கிடந்தது. பக்கவாட்டில் குறுகலான படி. மாடிக் கதவைத் தட்டினார்கள், கூப்பிட்டார்கள், ஒரு சத்தமும் இல்லை. "தள்ளு" என்று அவளை விலக்கிவிட்டு டிரைவர் தோளால் ஒரு இடி இடித்தார். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது.

தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் அந்த அம்மா தரையில் கிடந்தார். ஒரு கால் மடங்கக் கூடாத மாதிரி மடங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. ஒரு கை நீண்டு கிடந்தது. கை நீண்ட பக்கம் ஸ்டூல் மேல் போனும் பதில் மெஷினும், எட்டாத தூரத்தில். எட்டாத தூரம் என்றால் இன்னும் ஒரு முழம்தான். தரையில் அவர் பிறாண்டி இழுத்துக்கொண்டு வந்த தடம் கட்டில் வரைக்கும் தெரிந்தது.

டிரைவர் தண்ணீர் தேடி ஓடினார். அலாரம் தரையில் உட்கார்ந்து அந்த அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். சூடு இருந்தது. மூச்சு இருந்தது. அழுகையும் பதற்றமும் முட்டிக்கொண்டு வந்ததில், வருஷக்கணக்காகப் பழகிய வாய்க்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"அம்மா, நல்லா இருக்கீங்களா?"

தையல்கார அம்மா கண்ணைத் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை. ஸ்டூல் மேலிருந்த மெஷினைப் பார்த்தார், குரல் அங்கிருந்து வருவதாக நினைத்து. முகம் பயத்தில் சுருங்கியது. நீண்டு கிடந்த கையை இன்னும் நீட்டப் பார்த்தார்.

"இல்லை" என்றார். குரல் தேய்ந்து, காற்றாக வந்தது. "இல்லை, இல்லைன்னு எத்தனை கத்தினேன். நேத்தும் கத்தினேன். இன்னிக்குக் காலையிலயும் கத்தினேன். சந்தோஷம்னுட்டு வச்சிட்டியே. இன்னிக்கு வச்சிடாதடி. வச்சிடாத."

அலாரம் அந்தக் கையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குளியலறை வாசலுக்கும் கூடத்து மேஜைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கூடத்தில் மெஷின் பேசுவது குளியலறை வாசலில் நன்றாகக் கேட்கும்.

"வைக்க மாட்டேன் அப்பா" என்றாள்.